விடையிறுத்தல்

'விடை இறுத்தல்' என்ற பிரயோகம் நம் எழுத்திலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. 'பதில் சொல்வது' போதும் என்றாகிவிட்டது. வருந்த ஒன்றுமில்லை, 'பதில்' உருது வழியாக வந்து நன்றாகவே உழைக்கிற சொல். ஆனாலும் அந்தப் பழைய வினைச்சொல்லில் ஒரு விஷயம் இருந்தது. வரி இறுப்பார்கள், கடன் இறுப்பார்கள், விடையும் இறுப்பார்கள். மூன்றுக்கும் ஒரே வினை. 'இறை' என்றால் வரி; 'இறை' என்றால் விடையும்தான். நன்னூலார் விடைக்கு அந்தச் சொல்லையே ஆள்கிறார். (அரசன், கடவுள் என்ற மற்ற அர்த்தங்களை இங்கே இழுக்கப் போவதில்லை, அது வேறு கடை.) கஷாயத்தைத் தெளிய வைத்து மேலாக வடித்தெடுப்பதும் இறுத்தல்தான். கொடுப்பவனிடம் ஏதோ ஒன்று குறைந்தால்தான், அல்லது அவனுக்குள் ஏதோ ஒன்று தெளிந்தால்தான், இந்த வினை பொருந்துகிறது. பாங்கில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிற எனக்கு இதன் கணக்கு சட்டென்று பிடிபடுகிறது. ஓரிடத்தில் வரவு வைத்தால் வேறோரிடத்தில் பற்று எழுதியாக வேண்டும். எங்கும் பற்று எழுதப்படாமல் வரவு மட்டும் குவிந்துகொண்டிருந்தால் பேரேட்டைத் திரும்பப் புரட்ட வேண்டியதுதான்.

அப்படிக் குவிகிற ஒரு வரவைப் பற்றித்தான் எழுத உத்தேசம். ஒரு ஸ்தாபனம் தன்னுடன் தொடர்புள்ளவர்களின் அபிப்பிராயத்தை மின்னஞ்சலில் கேட்கிறது. முன்பெல்லாம் கடிதத்தில் ஒரு சுட்டி இருக்கும். அதைத் தொட்டால் வேறு பக்கம் திறக்கும். அங்கே பத்துப் பதினைந்து கேள்விகள். பெரும்பாலோர் சுட்டியைத் தொடுவதில்லை. தொட்டவர்களில் பலர் முதல் கேள்வியோடு எழுந்து போய்விடுவார்கள். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்கிறார்கள் என்பதைக் கவனித்தவர்கள் ஒரு உபாயம் கண்டார்கள்: கேள்வியையே கடிதத்துக்குள் வைத்துவிடுவது. ஐந்து நட்சத்திரங்கள், அல்லது சைபரிலிருந்து பத்து வரை எண்கள், அல்லது சிரிக்கிற, விழிக்கிற, அழுகிற மூன்று முகங்கள். கடிதத்தைத் திறந்த விரல் எடுக்கப்படுவதற்கு முன்பே விடை போய்ச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு நட்சத்திரத்துக்குப் பின்னாலும் ஒரு முகவரி ஒளிந்திருக்கிறது. அதில் பெறுபவரின் அடையாள எண்ணும் அவர் தொட்ட விடையும் சேர்ந்தே இருக்கும். 2019இல் ஜிமெயில் இன்னும் ஒரு படி போய், கடிதத்தை விட்டு வெளியேறாமலே படிவத்தை நிரப்பி அனுப்புகிற வசதியையும் ஏற்படுத்தியது. விடைகள் கூடின. கூடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூடியது விடைதானா என்பதுதான் சந்தேகம்.

இதை ஒரு தொழில்நுட்பச் சில்லறை என்று ஒதுக்கத் தோன்றும். நம்மவர்களில் சிலர் சந்தைக் கலாச்சாரம் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் எதிர்த்தரப்பின் வாதம் பலமானது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

விடை சொல்வதைச் சிரமமாக்கினால் யார் சொல்வார்கள்? நேரம் உள்ளவன், கோபம் உள்ளவன், ஆங்கிலம் உள்ளவன். மூன்றும் ஒருங்கே வாய்த்த ஓய்வுபெற்ற அதிகாரி. எந்த அலுவலகத்திலும் புகார்ப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்; நாலைந்து கையெழுத்துகளே திரும்பத் திரும்ப வரும். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்கிறவரின் கையெழுத்து அங்கே இருக்காது. அவருக்குக் குறை இல்லை என்று அர்த்தமா? தறியை நிறுத்தினால் கூலி நின்றுவிடும் என்றுதான் அர்த்தம். அவரும் ஒரு விரலை அசைத்துத் தன் எண்ணத்தைப் பதிவு செய்ய முடிகிறது என்றால் அதைக் குறை சொல்ல நாம் யார்? சிரமத்தையே யோக்கியதையாக வைத்து ஆட்களை வடிகட்டுவது இந்த நாட்டில் புதிதல்ல. படித்தவனுக்கு மட்டும் வாக்கு, வரி கட்டுகிறவனுக்கு மட்டும் வாக்கு என்று வெள்ளைக்காரன் காலத்தில் இருந்ததும் இதே நியாயத்தின் பேரில்தான்.

ஆகவே சிரமம் தன்னளவில் புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எண்ணிக்கையும் தன்னளவில் உண்மையாகிவிடுவதில்லை. 1936இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற அமெரிக்கப் பத்திரிகை, ஜனாதிபதித் தேர்தலை முன்னிட்டு டெலிபோன் புத்தகங்களிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்தும் பெயர் எடுத்து, சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன்தான் ஜெயிப்பார் என்று பத்திரிகை அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். ஏறக்குறைய 50,000 பேரை மட்டும் கேட்ட காலப்பின் கணிப்பு, வென்றவர் யார் என்பதைச் சரியாகச் சொன்னது. இரண்டு வருஷத்தில் 'லிட்டரரி டைஜஸ்ட்' நின்றும் போயிற்று. பட்டியல் பணக்காரர்களின் பட்டியல் என்பது ஒரு காரணம். சீட்டு கிடைத்தவர்களில் நாலில் ஒரு பங்கினர்தான் திருப்பி அனுப்பினார்கள், அவர்கள் மற்ற முக்கால் பங்கைப் போன்றவர்கள் அல்லர் என்பது இன்னொரு காரணம். மௌனமாக இருந்தவர்களைப் பேச வைக்க வேண்டும் என்ற கவலை அன்று தொடங்கியதுதான். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்குக் கண்ட பரிகாரத்தில், பேசுவது என்றால் என்ன என்பதே மாறிவிட்டது.

இங்கே நன்னூலுக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன பகுதி: வினா ஆறு, விடை எட்டு. 13ஆம் நூற்றாண்டுக்காரரான பவணந்தி, ஒருவன் கேட்க இன்னொருவன் சொல்வது என்கிற காரியத்தை இத்தனை கூர்மையாகப் பார்த்திருக்கிறார் என்பது பாங்க் கவுண்டரில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தவணை வசூலிப்பவனின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 'கவுண்டர் எது' என்று ஒருவர் கேட்க 'அதோ' என்பது சுட்டு. 'தவணை கட்டுவீர்களா' என்று இவன் கேட்க, 'கட்டுகிறேன்' என்பது நேர். 'கட்ட மாட்டேன்' என்பது மறை. இத்தோடு நேரான விடை முடிந்தது. மிச்சம் ஐந்து இருக்கிறது. 'நீங்களே கட்டிவிடுங்களேன்' என்பது ஏவல். 'கட்டாமல் எங்கே போய்விடுவேன்?' என்பது வினாவுக்கு எதிர்வினா. 'மில்லில் இரண்டு வாரமாக வேலை இல்லை' என்பது உற்றது உரைத்தல். 'கட்டினால் வீட்டில் உலை வைக்க முடியாது' என்பது உறுவது கூறல். 'வட்டியை மட்டும் கட்டிவிடுகிறேன்' என்பது இனமொழி. இந்த ஐந்திலும் 'ஆம்' இல்லை, 'இல்லை' என்ற சொல்லும் நேராக இல்லை. ஆனாலும் இவை விடைதான், கேட்ட பொருளுக்கே உரியவைதான் என்கிறது இலக்கணம். இதில் எனக்கு ஆச்சரியமே உண்டு. ஒரு இலக்கண நூல், சொல்லப்பட்டதை மட்டும் விடையாகக் கொள்ளாமல் சொல்லுகிறவனின் நிலைமைக்கும் விடையில் இடம் கொடுத்திருக்கிறது.

கடிதத்துக்குள் வைத்த ஐந்து நட்சத்திரத்தில் இந்த எட்டில் எவை உள்ளே நுழையும்? மறை ஒரு கோடியில், நேர் மறு கோடியில். நடுவில் உள்ளவை அந்த இரண்டின் பின்னங்கள். அமெரிக்க உளவியலாளர் லிக்கர்ட் 1932இல் வகுத்த ஐந்து படி அளவுகோலும் இதே சங்கதிதான். அது அளப்பதற்காகச் செய்யப்பட்டது, அளக்கவும் செய்கிறது, அதில் பிழையில்லை. ஆனால் மனிதன் வாய் திறந்தால் பெரும்பாலும் பிந்திய ஐந்தில்தான் பேசுகிறான். வேலை இல்லை என்கிறான், உலை வைக்க முடியாது என்கிறான். அந்த ஐந்தும் தொடுகைக்கு அகப்படாதவை. அகப்படாதது நாளடைவில் இல்லாததாகிவிடுகிறது.

வினாவின் பக்கமும் பார்க்க வேண்டும். அறியாதவன் அறிவதற்காகக் கேட்பது ஒரு வகை. வேறு வகைகளும் உண்டு. பிள்ளையைப் பார்த்து அம்மா 'சாப்பிட்டாயா' என்று கேட்பது தகவலுக்காக அல்ல, சாப்பிட வைப்பதற்காக. அது ஏவல் வினா. கடைக்காரரைப் பார்த்து 'பருப்பு இருக்கிறதா' என்றால் வாங்குவதற்காக. அது கொளல் வினா. இன்று நம் பெட்டியில் வந்து விழுகிற கேள்விகள் எல்லாம் அறியாவினாவின் வேஷம் போட்டுக்கொண்டு வருகின்றன. தலைப்பாகையை எடுத்துவிட்டால் கொளல் வினா. நம்மிடமிருந்து ஒரு எண்ணைக் கொண்டுபோவதற்காக வந்தவை.

இனி என் தொழிலில் கண்டது. நான் வேலை பார்க்கிற பாங்கின் பெயர் இங்கே வேண்டாம். எல்லாப் பாங்குகளும் இந்த விஷயத்தில் உடன்பிறப்புகள். பணம் எடுத்த மறு நிமிஷம் வாடிக்கையாளரின் கைபேசிக்கு ஒரு கேள்வி போகும்: எங்களை உங்கள் நண்பருக்கோ உறவினருக்கோ எவ்வளவு தூரம் சிபாரிசு செய்வீர்கள், சைபரிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. ரெய்க்ஹெல்ட் என்பவர் 2003இல் 'ஹார்வர்ட் பிஸினஸ் ரிவ்யூ'வில், ஒரு ஸ்தாபனம் வளர்வதற்குத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே எண் இதுதான் என்று எழுதினார். ஒன்பதும் பத்தும் போட்டவர்கள் ஆதரவாளர்கள். ஏழும் எட்டும் கணக்கில் சேரமாட்டார்கள். ஆறும் அதற்குக் கீழும் போட்டவர்கள் தூற்றுகிறவர்கள். முதல் வகையின் சதவீதத்திலிருந்து கடைசி வகையின் சதவீதத்தைக் கழித்தால் ஸ்தாபனத்தின் ஆரோக்கியம். நம் ஊரில் ஆறு என்பது முதல் வகுப்பு. நான் பி.ஏ. ஆங்கிலத்தில் அறுபதைத் தொடாமல் இரண்டாம் வகுப்பில் தேறியவன். அந்த நாலைந்து மதிப்பெண்ணுக்காக எங்கள் வீட்டில் ஒரு மாதம் பேச்சு நடந்தது. மனசார ஏழு போடுகிற தமிழாசிரியரை நாம் தாராள மனசுக்காரர் என்போம். அந்த ஏழை அமெரிக்கக் கழித்தல் கணக்கு குப்பையில் போடுகிறது. ஆறு போட்டவரைப் பகையாளியாக்குகிறது. பத்துப் போடுவது எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சுமுறையே அல்ல. நன்றாக இருக்கிறது என்பதற்கு 'குறை ஒன்றும் இல்லை' என்று சொல்கிற ஜனங்கள்.

கிளைகளை இந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்தத் தொடங்கியதும், எண்ணை வாடிக்கையாளரிடம் விட்டுவைப்பது ஆபத்து என்று ஆகிவிட்டது. பணத்தைக் கொடுத்த கையோடு 'அந்தப் போனைக் கொஞ்சம் கொடுங்க' என்று வாங்கி, பத்தைத் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் வந்தது. ஒரு முதியோர் உதவித்தொகை நாளில் பக்கத்துக் கவுண்டரில் நடந்ததைச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டிய கிழவி; பேரன் வாங்கிக் கொடுத்த கைபேசி. அது மணியடித்தது.

'என்னய்யா சத்தம் போடுது?'

'ஒண்ணுமில்ல பாட்டி, நம்ம பாங்கு எப்படி இருக்குன்னு கேக்குது. பத்துன்னு போட்டுட்டேன்.'

'யாரு கேக்குறாக?'

என் சகாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மேலதிகாரி என்று சொல்வதா, பம்பாய் என்று சொல்வதா, கம்ப்யூட்டர் என்று சொல்வதா? 'பாங்குதான் பாட்டி' என்றார். கிழவி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். 'நீதான பாங்கு? என்னை ஏன்யா நீ கேக்கல?' என்றாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் சகாவும் சிரித்தார். நல்ல மனுஷர், யாருக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்க முகம் சுளிக்காதவர். அவர் செய்ததை மோசடி என்று நான் எழுதினால் அது அநியாயம். ஏமாற்றப்பட்டவர் என்று அங்கே யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. கிழவிக்கு நஷ்டமில்லை. மேலிடத்துக்கு வேண்டிய எண் கிடைத்தது. கேட்கப்பட்டது, விடை பதிவாயிற்று, இடையில் மனுஷியின் அவசியம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். அவள் கேட்டது நன்னூல் கணக்கில் வினா எதிர் வினாதல். அன்றைய தினம் அந்தக் கட்டடத்தில் சொல்லப்பட்ட அசலான விடை அதுதான் என்பது என் கட்சி.

தனியார் ஸ்தாபனங்கள் எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த உபாயம் பொதுக்காரியத்துக்குள் நுழைந்தபோது என்ன நடந்தது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய திருஷ்டாந்தம் இருக்கிறது.

2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையத்தில் சில சேவைகளுக்குத் தனிச் சலுகையும் தனிக் கட்டணமும் அனுமதிக்கலாமா என்பது உள்ளிட்ட விஷயங்கள் பற்றி ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. நூறு பக்கத்துக்கு மேல்; இருபது கேள்விகள். இப்படிப்பட்ட அறிக்கைகளுக்குக் கம்பெனிகளின் வக்கீல்களும் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆர்வலர்களும் எழுதுவதுதான் வழக்கம். அந்த முறை சில தன்னார்வலர்கள் இருபது கேள்விகளுக்கும் விடையைத் தாங்களே தயாரித்து ஒரு இணையதளத்தில் வைத்தார்கள். படித்துப் பார்த்து, வேண்டுமானால் திருத்தி, சொந்த முகவரியிலிருந்து அனுப்பலாம். ஒரு நகைச்சுவைக் குழு அதைப் பற்றிப் படம் எடுத்து வெளியிட, பத்து லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. டிராய் அத்தனையையும், எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு, ஏப்ரல் 27ஆம் தேதி பொதுவில் போட்டுவிட்டது. விடை சொன்னவர்கள் தாம் கொடுத்த விலையை அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் டிராய் இன்னொரு அறிக்கை வெளியிட்டது. இந்த முறை நாலே கேள்விகள், கட்டண வேறுபாடு பற்றி மட்டும். ஃபேஸ்புக் அப்போது 'ஃப்ரீ பேஸிக்ஸ்' என்ற பெயரில், தான் அனுமதித்த சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டத்தை இங்கே நடத்திக்கொண்டிருந்தது. முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரங்கள், தெருமுனைத் தட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் தளத்துக்குள்ளேயே ஒரு பொத்தான்: தொட்டால் டிராய்க்கு ஆதரவுக் கடிதம் போகும். கடிதத்தின் வாசகம் தயார். உங்கள் நண்பர் தொட்டுவிட்டார், நீங்களும் தொடுங்கள் என்ற அறிவிப்பு வேறு. சுமார் 24 லட்சம் விடைகள் டிராய்க்கு வந்தன. அவற்றில் மிகப் பெரும்பகுதி அந்தப் பொத்தானின் சந்ததி. அவற்றில் கேட்கப்பட்ட நாலு கேள்விக்கும் விடை இல்லை. ஃப்ரீ பேஸிக்ஸ் வேண்டும் என்று மட்டும் இருந்தது. டிராய் அதைக் கேட்கவே இல்லை. உங்கள் பயனர்களிடம் திரும்பிப் போய் நாங்கள் கேட்டதற்கு விடை வாங்கி அனுப்புங்கள் என்று ஆணையம் ஃபேஸ்புக்குக்கு எழுதியது. 2016 ஜனவரி 18இல் எழுதிய கடிதத்தில், பொருள் பொதிந்த ஒரு கலந்தாலோசனையை முன்னேற்பாடு செய்த முரட்டுப் பெரும்பான்மைக் கணக்கெடுப்பாக ஆக்கிவிட்டீர்கள் என்று கண்டித்தது. பிப்ரவரி 8இல் கட்டண வேறுபாட்டுக்குத் தடை விதித்தது. சில நாட்களில் ஃப்ரீ பேஸிக்ஸ் இங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டது.

நம் நண்பர்களில் பெரும்பாலோருக்கு இது நல்லவன் ஜெயித்த கதை. தீர்ப்பு சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அங்கே நிற்க முடியவில்லை. ஏப்ரலில் நம் தரப்பு அனுப்பிய பத்து லட்சத்தில் எத்தனை பேர் இருபது கேள்வியையும் படித்தார்கள்? அவையும் எழுதிக் கொடுக்கப்பட்ட விடைகள்தானே? எண்ணிக்கையைக் காட்டித்தானே நாம் அப்போது மார் தட்டினோம்? ஏப்ரலில் அது மக்களின் குரல், டிசம்பரில் அது பொத்தானின் குரல் என்று சொல்ல நமக்கு என்ன பாத்தியதை?

பல நாள் யோசித்தும் இரண்டுக்கும் இடையே ஒரு வித்தியாசத்தைத்தான் என்னால் காண முடிகிறது. அது மெல்லிய வித்தியாசம். ஏப்ரல் கடிதத்தில் கேள்விகள் இருந்தன. அனுப்புகிறவன் சோம்பேறியாக இருந்தாலும், அவன் கண்ணுக்கு முன்னால் இருபது கேள்விகள் கிடந்தன. அழித்து எழுதலாம், ஏழாவது கேள்விக்கு எதிராகக்கூட எழுதலாம். அந்தச் சாத்தியத்தை அவன் பயன்படுத்தாமல் போனது அவன் பொறுப்பு. பொத்தானில் கேள்வியே இல்லை. விடையைத் தயாரித்தவன் கேள்வியையும் விழுங்கிவிட்டான். வேண்டாம் என்பவனுக்கு அங்கே வேறு பொத்தான் வைக்கப்படவில்லை. கேட்பவனுக்கு விரோதமாகச் சொல்ல இடம் இருக்கிற இடத்தில்தான் சம்மதத்துக்கும் அர்த்தம் உண்டு. கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போது 'படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று நாங்கள் சொல்வது சம்பிரதாயம்தான், யாரும் படிப்பதில்லை. இருந்தாலும் பத்திரத்தில் வாசகமே அச்சாகாமல் கையெழுத்துக்கான கோடு மட்டும் இருந்தால் எந்தக் கோர்ட்டும் அதை ஏற்காது.

இந்த விவகாரத்தில் ஒரு விசித்திரமான கிளைக்கதை உண்டு. பல அலுவலகங்களில் உள்ளே வரும் கடிதங்களை முதலில் ஒரு காவல் யந்திரம் வாங்கிப் பார்க்கிறது. கடிதத்தில் உள்ள சுட்டிகள் விஷமத்தனமானவையா என்று சோதிக்க, ஒவ்வொன்றையும் அதுவே திறந்து பார்க்கும். கேள்வி கடிதத்துக்குள்ளேயே இருந்து, ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு சுட்டியாக இருந்தால் என்ன ஆகும்? கடிதம் ஆளிடம் சேர்வதற்கு முன்பே விடை பதிவாகிவிடுகிறது. சில சமயம் ஐந்து விடையும். திருப்தி, அதிருப்தி, இரண்டும் இல்லை, எல்லாமே ஒரே ஆளின் பெயரில் ஒரே விநாடியில். கேட்டது யந்திரம், விடை சொன்னதும் யந்திரம். ஆசாமி அப்போது பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருக்கிறார். இதைக் கண்டுபிடித்த ஆய்வு ஸ்தாபனங்கள் பரிகாரமாகச் செய்தது இன்னும் ரசமானது. முதல் தொடுகையை விடையாகக் கொள்ளாமல், அது ஒரு பக்கத்தைத் திறந்து, அங்கே 'அனுப்பு' என்று இன்னொரு முறை தொட்டால்தான் பதிவாகும் என்று வைத்தார்கள். மனிதன் சிரமப்படக் கூடாது என்று எடுத்த படியை யந்திரத்தை விலக்குவதற்காகத் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று.

நம் தேர்தல்காரர்கள் இதில் புத்திசாலிகள். 1982இல் கேரளத்தின் பரவூரில் வாக்கு யந்திரம் முதல்முறையாக வந்தபோது சீட்டு போய்ப் பொத்தான் வந்தது. ஆனால் வரிசை போகவில்லை, மை போகவில்லை, மறைப்புக்குப் பின்னால் தனியாக நிற்கிற அந்தச் சில விநாடி போகவில்லை. பொத்தானை அழுத்திய பின் ஒரு நீண்ட ஒலி; பிற்பாடு, ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின் தெரியும் காகிதச் சீட்டும் சேர்ந்தது. யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்ல 2013இல் உச்சநீதிமன்றம் ஒரு பொத்தானையும் வைக்கச் சொன்னது. விரல் அசைவு அதேதான். அந்த அசைவுக்கு முன்னும் பின்னும் உள்ளதை அவர்கள் எடுத்துவிடவில்லை.

வாரக்கடைசியில் ராஜபாளையத்திலிருந்து அரை மணி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போவது என் பழக்கம். பக்தி என்று சொல்ல முடியாது. பால்கோவாவும் ஒரு நண்பரின் பேச்சும் காரணம். ஆண்டாளின் இடக்கையில் ஒரு கிளி இருக்கும். இலைகளால் செய்தது; அலகுக்கு மாதுளம்பூ. தினமும் புதிதாகச் செய்கிறார்கள். தூது போனதாக ஐதீகமுள்ள கிளி. கிளி சொன்னதைத்தான் சொல்லும். சொந்தமாக ஒரு சொல் சேர்க்காததுதான் அதன் யோக்கியதை. தூதுக்கு அது போதும். விடைக்குப் போதுமா என்று அந்த இலைக்கிளியைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குத் தோன்றும்.

நாச்சியார் திருமொழியில் 14 பதிகங்கள், 143 பாட்டு. அவற்றில் ஒரு பதிகம் முழுக்கக் கூடலிழைத்தல். மணலில் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் கீறுவது. இரண்டு முனையும் சேர்ந்தால் அவன் வருவான். பத்துப் பாட்டில் அந்தப் பெண் கூடலையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். கிடைக்கக்கூடிய விடை இரண்டே; கூடும், கூடாது. பார்க்கப்போனால் இன்றைய கருத்துக் கேட்பின் லக்ஷணம் பூராவும் அதில் இருக்கிறது. ஆனால் அதோடு அவள் நிற்கவில்லை. அடுத்த பதிகத்தில் குயிலிடம் போகிறாள், பிற்பாடு மேகங்களிடம். அவை வாய் திறப்பதாக எங்கும் இல்லை. கூடல் தரக்கூடிய ஆம்–இல்லை அவளுக்குப் போதவில்லை என்பதாகத்தான் நான் படிக்கிறேன். இதை வைணவ உரைகாரர்கள் ஒப்ப மாட்டார்கள். அவர்களுக்குப் பாட்டுகளின் வரிசைக்கு வேறு காரணங்கள் உண்டு.

இவ்வளவையும் எழுதக் காரணமாயிருந்த சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். நம் இதழின் ஆசிரியர் போன வருஷம் பின்னட்டையில் ஒரு கேள்வி அச்சிட்டார்: நீண்ட விமர்சனக் கட்டுரைகள் தொடர வேண்டுமா, குறைக்கலாமா? வருஷம் முழுவதும் வந்தவை மூன்றே கடிதங்கள். இந்த வருஷம் அதே கேள்வியைச் சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சலில், மூன்று பொத்தான்களாக வைத்து அனுப்பினார். இரண்டு நாளில் பாதிப் பேருக்கு மேல் தொட்டுவிட்டார்கள். 'குறைக்கலாம்' என்பதே அதிகம். அடுத்த இதழிலிருந்து கட்டுரைக்கு நாலு பக்கம் என்று வரம்பு வைக்க உத்தேசித்திருப்பதாக எனக்கு எழுதினார். என் கட்டுரைகளின் நீளம் பற்றிய கவலையால் இதை எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், கொஞ்சம் வாஸ்தவம்தான். தொட்டவர்களை எண்ணக் கூடாது என்று நான் ஆசிரியரிடம் கேட்கவில்லை. எண்ணட்டும். ஆனால் அந்த மூன்று கடிதங்களையும் அதே கூட்டலில் மூன்று என்று சேர்த்திருக்கிறார். அவற்றில் ஒன்றை எனக்குக் காட்டினார். முழுநீளத் தாளில் எட்டுப் பக்கம், இருபுறமும் எழுதியது. கட்டுரை நீளமாக இருக்கலாமா என்பதற்கு அதில் விடையே இல்லை. நாலு இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கட்டுரை எந்த வரியில் யோசிப்பதை நிறுத்திவிட்டு நடையில் ஓடத் தொடங்குகிறது என்று இடம் சுட்டிக் காட்டியிருந்தார் எழுதியவர். என் கட்டுரை ஒன்றும் அதில் இருக்கிறது. அவர் சொல்வதை நான் ஒப்பவில்லை, அதற்குத் தனியாக எழுதுவேன். 'தொடரலாம்' என்ற குவியலிலா, 'குறைக்கலாம்' என்ற குவியலிலா, எதில் வைப்பது என்று தெரியாமல் ஆசிரியர் அதை மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கிறார். அடுத்த இதழில் அதை முழுசாக, எட்டுப் பக்கமும் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் இந்தக் கட்டுரையை வெட்டலாம்.